போதும்னு சொல்ற வரைக்கும்

ஊத்துப்பாறைக்கு அன்லிமிடெட் லைன் வந்தது வைகாசி மாசத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. அது எப்படி வந்தது என்று ஊருக்குள் ஒன்பது விதமாகச் சொல்வார்கள், நடந்தது என்னவோ இவ்வளவுதான்: இருபது வருஷமாக ஊருக்கு டிவி கேபிள் இழுத்துக்கொண்டிருந்த ஞானதிரவியம், இனி டிவியை நம்பினால் நாய்கூட மதிக்காது என்று முடிவுகட்டி, இன்டர்நெட் கம்பெனியின் விண்ணப்பத் தாளை வாங்கிக்கொண்டு நேரே மெஸ்ஸுக்குப் போய், கை முழுக்கச் சாம்பாரோடு உட்கார்ந்தபோதுதான் அதில் நிரப்பாத கட்டம் ஒன்று பாக்கி இருப்பதைப் பார்த்தார். அந்த மெஸ்ஸில் முப்பது வருஷமாகப் பரிமாறுகிற அனஞ்சபெருமாள், எல்லாருக்கும் அனஞ்சி, வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார்.

"வரம்பு எவ்வளவுன்னு கேட்டிருக்கான்வே. அன்லிமிடெட்டுன்னா என்ன போட?" என்றார் ஞானதிரவியம்.

"நம்ம கடை போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"அன்லிமிடெட் சாப்பாடு."

"அதுக்கு என்ன அர்த்தம்? போதும்னு சொல்ற வரைக்கும். அதையே போட்டுட்டேன். இந்தாரும், ரசத்துக்குக் குழி வெட்டும்."

மற்ற ஊர்களில் அன்லிமிடெட் என்றால் முப்பது ஜிபி வரைக்கும் அன்லிமிடெட், அதற்குப் பிறகு வண்டிமாட்டு வேகம். அதுவரை அந்தக் கட்டத்தில் ஒரு மனுஷனும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை என்பதால், கம்பெனியின் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு, சரி என்று ஏற்றுக்கொண்டது.

ஒன்றாம் நம்பர் கனெக்சன் உலகம்மாளுக்கு. அவள் ஒன்றும் கேட்கவில்லை, கம்பத்திலிருந்து வயர் வந்து இறங்குகிற முதல் சுவர் அவளுடையது, அவ்வளவுதான். புருஷன் குத்தாலிங்கம் மஸ்கட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு யார்டில் கிரேன் ஓட்டுகிறான். போய் பதினோரு வருஷம், அதில் ஊருக்கு வந்தது மூன்று தடவை, கடைசியாக வந்து நாலு வருஷமாகிறது. பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது, கேட்கும்போதெல்லாம் அடுத்த மாசம் என்பான், அந்த அடுத்த மாசம் எந்தக் காலண்டரிலும் இல்லை. பிள்ளை இல்லையா என்று கேட்பவர்களிடம், "அதுக்கு ஆள் ஊர்ல இருக்கணும்லாக்கா, தபால்லயா வரும்?" என்று அவளே சிரித்து முடித்துவிடுவாள்.

அவள் மத்தியானச் சோற்றைத் தனியாகச் சாப்பிட்டதில்லை. ரசச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து, இந்தப்பக்கம் அவள், அந்தப்பக்கம் போனுக்குள் அவன், நடுவில் ஒரே வாழை இலை என்று பதினோரு வருஷமாக அதுதான் அவர்கள் நடத்திய குடும்பம். புது லைன் வந்த மூன்றாம் நாள், "ஏட்டி உலகு, ரசத்துல பெருங்காயம் தூக்கலா இருக்கு" என்றான் குத்தாலிங்கம். நாலாம் நாள் இலையின் அந்தப்பக்கத்து ஓரத்தில் வைத்த முருங்கைக்காயைக் காணோம், போனுக்குள் அவன் சக்கையைத் துப்பிக்கொண்டிருந்தான். ஐந்தாம் நாள் போனே தேவைப்படவில்லை. இலையின் ஒரு பாதி ஊத்துப்பாறையில் கிடந்தது, மறுபாதி அந்த யார்டில் எட்டுப் பேர் படுக்கிற தகர அறையில் கிடந்தது, நடுநரம்பைத் தாண்டி அவன் கை வந்து அப்பளத்தை எடுத்துக்கொண்டு போனது. உலகம்மாள் அந்தக் கையைப் பார்த்து முதலில் சொன்னது, "நகத்தை வெட்டக் கூடாதா?" என்பதுதான்.

அவன் முழுசாக வந்துவிட முயற்சி செய்யாமல் இல்லை. முழங்கை வரைக்கும் வந்தது, அதற்கு மேல் பிடித்துக்கொண்டது. பாஸ்போர்ட் இல்லாத ஜீவன் எங்கே வேண்டுமானாலும் போகும், பாஸ்போர்ட் உள்ள ஜீவன் அது இருக்கிற பெட்டியைச் சுற்றித்தான் நிற்கும் என்று ஞானதிரவியம் டெக்னிக்கலாக விளக்கினார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்லாருக்கும் ஐடியா வந்தது. அதுவரை ஐடியா என்றால் வயலுக்கு வரப்பு நகர்த்துவது என்று நினைத்திருந்தவர்கள்கூட 'ப்ராடக்ட்' என்று பேச ஆரம்பித்தார்கள். ஞானதிரவியத்தின் கேபிள் கடைச் சுவரில் ஆளுக்கொரு ஐடியாவைக் கரியால் எழுதிவிட்டுப் போனார்கள், என்னுடையதை வேறொருவன் திருடிவிட்டான் என்று அடிதடியும் நடந்தது. டீக்கடை சண்முகையா பெங்களூர்ப் பையன்களுக்கு ஆவி பறக்க டீ அனுப்பிப் பார்த்தார், டீ அங்கேயே கிடைக்கிறதாம், அவர்களுக்கு வேண்டியது டீ இல்லாத வெறும் பெஞ்சும் அதில் உட்கார்ந்து பேசுகிற பொறணியும்தான் என்று தெரிந்ததும் அதை மட்டும் தனியாக அனுப்பினார், அது நன்றாகப் போனது. முடிதிருத்துகிற வேலாண்டி கடல் தாண்டி இருக்கிற தலைகளுக்கு இங்கிருந்தே முடி வெட்டினார். வெட்டிய முடி இங்கேதான் விழும் என்பதால் அவர் கடை வாசலில் செம்பட்டையும் வெள்ளையும் சுருட்டையுமாகக் குவிந்து கிடக்க, ஊர்க்கோழிகள் அதில் அடைக்குப் படுத்தன. மருமகள் லண்டனில் இருக்கிற ஒரு மாமியார் நுள்ளை அனுப்பினாள், விரலால் கிள்ளுகிறதைத்தான், வலிக்க வலிக்க, வாரத்துக்கு மூன்று. ரிட்டயர்டான தமிழய்யா தன் தென்னந்தோப்பு அமைதியை அனுப்பினார், நடுநடுவே அவர் சம்சாரத்தின் இருமல் வருகிறது என்று எல்லாமே திரும்பி வந்துவிட்டது.

பெரிய ப்ராடக்ட் சாரல்தான். ஆனி பிறந்து மலையிலிருந்து சாரல் இறங்கியதும் அதை அப்படியே லைனில் ஏற்றினார்கள். சென்னையில் வேகிற வெயிலில் மூன்றாம் மாடியில் ஒரு அம்மா அரை மணி நேரச் சாரல் கேட்டாள், அனுப்பினார்கள், ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, "சாரல் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா குரங்கு ஏன் அனுப்புனீங்க?" என்று கேட்டாள். குரங்கை யாரும் அனுப்பவில்லை, சாரல் போகிற இடத்துக்கு அது தானாகப் போகும், அதைப் பிரிக்கிற தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை என்று அவளுக்குப் பதில் சொன்னார்கள். சுடலை கோயில் கொடைத் திருவிழாவன்று மேளத்தை லைனில் விட்டபோது, ஏதோ ஒரு வெளிநாட்டு ஆபீஸில் கோட்டுப் போட்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்த நம்மூர்ப் பையன் மேஜைமேல் ஏறி நின்று ஆடி, கருஞ்சேவல் கேட்டிருக்கிறான், அவன் மானேஜரும் பயபக்தியோடு விபூதி வாங்கிக்கொண்டாராம்.

இதெல்லாம் போவது. லைன் என்றால் போவது மட்டுமா, வரவும் செய்யும் என்பதை ஐடியா உள்ள ஒருத்தரும் யோசிக்கவில்லை.

முதலில் வந்தது ஒரு ரயில் சத்தம், எந்த நாட்டு ரயிலோ, நேரம் தவறாமல் நாற்று நட்ட வயலுக்குள் வந்து நின்று, புரியாத பாஷையில் அறிவிப்பு சொல்லிவிட்டுப் போனது. பெண்டுகள் அதை வைத்து உலையேற்றக் கற்றுக்கொண்டார்கள், அதனால் அதை யாரும் குறை சொல்லவில்லை. பிறகு பஞ்சாயத்துக் கிணற்றிலிருந்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்ற குரலும் பின்னாலேயே பீப்பி இசையும் வர ஆரம்பித்தது, வாளியை விட்டால் தண்ணீரோடு அதுவும் ஏறியது. பிறகு பனி வந்தது. கோடையா குளிரா என்று கேட்காத எங்கிருந்தோ ஒரு பனி, பூவென்று வந்து மொட்டைமாடியில் காய்ந்த அப்பளத்தில் விழுந்து, ஒரே ராத்திரியில் முழங்கால் உயரம் ஏறிவிட்டது. லாரி எடைமேடையில் ராக்காவல் முடித்து வீட்டுக்குக் கிளம்பிய நான் அன்றைக்கு என் சைக்கிளைப் பனியிலிருந்து மண்வெட்டி வைத்துத்தான் எடுத்தேன், எடுத்துவிட்டு, இத்தனை வயதில் பனியையும் பார்த்தாயிற்று, பார்த்து என்னத்தைக் கண்டோம் என்று நினைத்துக்கொண்டே தூங்கப் போனேன். மோசம் என்னவென்றால், கண்ணுக்குத் தெரியாததும் வந்தது. கல்யாணமாகி நாற்பது நாளான கீழத்தெரு ஜோடி வீட்டுக்குள் யாரோ ஒருத்தியின் விவாகரத்து நுழைந்துவிட, அவர்கள் ரெண்டு பேரும் தங்களுக்கே தெரியாத மொழியில் மூன்று நாள் சண்டை போட்டார்கள். ஒருவர் வீட்டில் நாலு ஊர் அழுகை, ஒருவர் வீட்டில் ஆயிரம் பேர் கைதட்டல். பனியின் பாரம் தாங்காமல் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கூட ஓடு இறங்கியது, அன்றைக்கு லீவு என்பதால் யாருக்கும் அடிபடவில்லை. அடுத்தது எந்தக் கூரை என்பதுதான் கேள்வி.

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். ஒன்றை அழுத்தி, நாலை அழுத்தி, மறுபடி ஒன்றை அழுத்தி, கடைசியில் பேசிய பெண், உங்கள் பிளானில் போதும் என்ற வசதி இல்லை சார் என்றாள். வயரை வெட்டினார்கள், வெட்டிய இடத்திலிருந்து பனி இன்னும் தாராளமாக வந்தது. அப்புறம்தான் ஞானதிரவியத்துக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதிக் கொடுத்தோம் என்பது ஞாபகம் வந்து, போதும்னு சொல்ற வரைக்கும் என்றால் போதும் என்று சொல்லவேண்டியதுதானே என்று, ஊரே கம்பத்தடியில் கூடி, கோயில் மைக்செட்டைக் கட்டி, ஆணும் பெண்ணும் தொண்டை வறள, "போதும், போதும்" என்று கத்தினார்கள். உடனே ரெண்டு மடங்கு பனி கொட்டியது.

மெஸ் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த அனஞ்சி தலையிலடித்துக்கொண்டார்.

"ஏம்வே, கூறு இருக்கா உங்களுக்கு? பந்தியில எவன் போதும்னு சொல்லலை? போதும்னு சொல்றவனுக்குத்தான நான் ரெண்டு கரண்டி கூட வைக்கேன். முப்பது வருசத்துல வாய்ச்சொல்லைக் கேட்டு ஒருநாள் வாளியை எடுத்திருக்கேனா? இலையை மடிச்சாத்தான் நான் நகருவேன்."

எல்லாரும் வீட்டுக்கு ஓடி இலை போட்டு மடித்தார்கள். ஊரில் வாழையிலைக் கட்டெல்லாம் தீர்ந்தது, பனி நிற்கவில்லை.

"முத இலைக்காரன் எந்திரிக்காம பந்தி எப்படிவே எந்திரிக்கும்?" என்றார் அனஞ்சி. "ஒண்ணாம் நம்பர் யாரு?"

அப்போது மத்தியானம் ஒன்றரை. ஊர் மொத்தமும் உலகம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் தயிருக்கு வந்திருந்தாள், எதிர்ப்பக்கத்தில் குத்தாலிங்கம் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு கூழ்வத்தலைக் கடித்துக்கொண்டிருந்தான், அவனுக்குப் பின்னால் தகரச் சுவரும் கொடியில் காய்கிற எட்டுப் பேர் பனியனும் தெரிந்தன. ஞானதிரவியம் விஷயத்தைச் சொன்னார். இலையை மடித்தால் பனி நிற்கும், நின்றால் அந்தக் கையும் நின்றுபோகும், நாளைக்கு ரசச் சொம்பில் சாய்த்து வைத்த போனில் முப்பது ஜிபிக்குள் புள்ளி புள்ளியாகத் தெரிகிற மூஞ்சிதான் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"மடிச்சிருதேன்" என்றாள் உலகம்மாள். "பிள்ளைய உள்ள இருக்கும்போது பள்ளிக்கூடத்து ஓடு இறங்கிருச்சுன்னா அப்புறம் நான் எப்படிச் சோறு திங்க?"

இலையின் ஓரத்தில் கையை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அனஞ்சிக்குத்தான் முதலில் புரிந்தது.

நல்ல காரியத்தில் சாப்பிட்ட இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும், இந்த உறவு வேண்டும் என்று அர்த்தம். எழவு வீட்டில்தான் எதிர்ப்பக்கமாக மடிப்பது, இது இதோடு போகட்டும் என்று அர்த்தம். இதை மாற்றி மடித்ததற்கு எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முறிந்திருக்கிறது. ஆனால் இது ஒரே இலை. ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் தன் பக்கமாக மடித்தால் அவனுக்கு அது எழவு மடிப்பு. அவன் பக்கமாக மடித்தால் அவளுக்கு.

"என் பக்கம் மடிக்காத, ஏட்டி" என்றான் குத்தாலிங்கம். "உன் பக்கமா மடி. எனக்கு இங்க என்ன ஆகப்போவுது? நாள் முழுக்க முந்நூறடி உசரத்துலதான் தொங்குதேன்."

"அதான் வேண்டாங்கேன். உங்க பக்கமே மடிக்கேன்."

"சொன்னா கேளு."

"கேக்க மாட்டேன்."

"நடுவுல மடிச்சா?" என்று வாசலிலிருந்து சண்முகையா ஐடியா கொடுத்தார், அவரை எல்லாருமாக அடக்கினார்கள். கூரையில் ஒரு சட்டம் முறிகிற சத்தம் கேட்டது. ஓட்டு இடுக்கு வழியாகப் பனி அவள் தலையில் விழுந்தது.

"தாயி, சீக்கிரம்" என்றார் அனஞ்சி.

"உலகு, நான் சொல்லுததைக் கேளு. எந்தக் கஷ்டம்னாலும் அது எனக்கு இருக்கட்டும். நீ நல்லாரு. உன் பக்கமா மடிச்சிரு."

அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பதினோரு வருஷமாக அவள் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"எப்பப் பாரு நான் நல்லாருக்கணும், நான் நல்லாருக்கணும்! அதைச் சொல்லித்தான போனீய? அந்த யார்டுல நீங்க தொங்குனா நான் இங்க எப்படி நல்லாருப்பேன்னு ஒருநாளாச்சும் கேட்டீயளா? கைய மட்டும் அனுப்பிக்கிட்டு! அப்பளம் எடுக்க வந்த கைதான இது, அப்பளத்தை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிரும்!"

சொல்லிக்கொண்டே அவள் முன்னால் சாய்ந்து, நடுநரம்பைத் தாண்டி, தயிர்ச்சோற்றில் கிடந்த அவன் கையின்மேல் இலையின் அந்தப் பாதியைக் கவிழ்த்து, கையோடு சேர்த்து இறுகப் பிடித்து, தன் பக்கமாக மடித்தாள். நன்றாக, சம்பந்தம் வேண்டும் என்று பெண் வீட்டார் மடிப்பதுபோல.

பனி நின்றது. ரயில் நின்றது. கிணற்றுக்குள் பீப்பி இசை பாதியில் அறுந்து, அதற்குப் பிறகு தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. எங்கேயோ ஒரு கோழி நிம்மதியாகக் கூவியது.

உலகம்மாள் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. இலைக்குள் பிடித்திருந்த கை இன்னும் சூடாக இருந்தது, அதற்குப் பயந்துதான் திறக்கவில்லை. திறந்தபோது, அந்தக் கைக்கு ஒரு முழங்கை இருந்தது, முழங்கைக்குத் தோள் இருந்தது, தோளுக்கு மேலே மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. குத்தாலிங்கம் ஊத்துப்பாறையில், அவள் வீட்டுத் தரையில், ஒரு கை மடித்த இலைக்குள்ளும் ஒரு கை மீதிக் கூழ்வத்தலோடுமாக உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தான். முப்பது வருஷப் பழக்கத்தில் அனஞ்சி கேட்டார்: "வேற ஏதாச்சும் வைக்கவா?"

அதற்குப் பிறகு ஊருக்கு முப்பது ஜிபிதான், அதைத் தாண்டினால் வண்டிமாடுதான். கேபிள் கடைச் சுவரில் கரியால் எழுதியதெல்லாம் ஆடிக்காற்றிலும் மழையிலும் பாதி அழிந்துவிட்டது, வேலாண்டி கடை வாசலில் மட்டும் ஒரு கோழி செம்பட்டை முடியில் பொரித்த குஞ்சுகளோடு திரிகிறது. சென்னைக்குப் போன குரங்குகள் திரும்பவில்லை. அங்கே அவற்றுக்கு வசதியாம்.

பதினாலாம் நாள் கூரியரில் ஒரு கவர் வந்தது. உள்ளே குத்தாலிங்கத்தின் பாஸ்போர்ட், இறந்தவருடையதற்குச் செய்வதுபோல ஓரம் வெட்டி. அன்றைக்கே மத்தியானம், அவனும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அந்தத் தகர அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நாங்குநேரி பாக்கியநாதன். போனை எடுத்தது குத்தாலிங்கம்தான். ஜிபி தீர்ந்திருந்ததால் குரல் தவளைபோலப் போனது, ஆள் அடையாளம் தெரியவில்லை.

"யாரு பேசுறது?" என்றார் பாக்கியநாதன்.

"சொந்தக்காரன்தான்."

"நான் கூடவே இருந்தேன்ணே. கண்ணு முன்னாலதான் இலை எதிர்ப்பக்கமா மடிஞ்சது. அடுத்த நிமிஷம் கட்டில்ல ஆளைக் காணோம். அந்த மடிப்புக்கு அர்த்தம் தெரிஞ்சவன் இங்க நான் ஒருத்தன்தான், முதலாளிகிட்ட நான்தான் சொன்னேன், ஆள் போயிட்டான்னு. அவரும் ரெண்டு நிமிஷம் எந்திரிச்சு நின்னாரு." பாக்கியநாதன் மூக்கை உறிஞ்சினார். "தங்கமான மனுசன்ணே. எட்டுப் பேருக்கும் அவன்தான் துணி துவைப்பான். எவ்வளவு வேலை குடுத்தாலும் ஒருநாளாச்சும் போதும்னு சொன்னதில்ல."

"அதான் அவன் செஞ்ச தப்பு" என்றான் குத்தாலிங்கம்.

"அவன் துணிமணிப் பெட்டியை அனுப்பி வைக்கேன். மதினி எப்படி இருக்காவ? சாப்பிடுதாவளா?"

குத்தாலிங்கம் திரும்பிப் பார்த்தான். உலகம்மாள் சோற்றுக் கரண்டியோடு அவன் இலைக்கு மேலே குனிந்திருந்தாள்.

"சாப்பிடுதா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவன், அவளைப் பார்த்து, "போதும்" என்றான். அவள் ரெண்டு கரண்டி வைத்தாள். அவன் இலையை மடிக்கவில்லை.